ஹெட்போன் ஓட்டை இல்லாத பெட்டி

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து அந்த லிப்ட் மெக்கானிக் ஒரு மரக்கட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டான்.

வெறும் கட்டை இல்லை, பேஸ் கிட்டார். அவன் மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவள். அங்கே வேலை செய்கிற ஐந்து பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். அதில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த மருந்தாளுநர் வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போகும்போது தன் கிட்டாரைக் குழுவுக்கே விட்டுவிட்டுப் போனார். எடுத்து வாசிக்க ஆளில்லை. "நாலு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சாப் போதும், யாராவது வாங்கப்பா" என்று டிரம்ஸ் அடிக்கிற எக்ஸ்ரேக்காரர் கேன்டீனில் நின்று ஏலம் போடாத குறையாகக் கேட்டார். நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு நாலு வரைக்கும் எண்ணுவது பெரிய காரியமா என்ன, கையைத் தூக்கிவிட்டாள். விளையாட்டாகத்தான். ஆனால் நாலு மாதத்தில் விளையாட்டு போய் வெறி வந்துவிட்டது.

பேஸ் கிட்டாரின் கம்பிகள் தடியானவை. ஆம்ப்ளிஃபயரில் செருகாமல் வாசித்தால் வாசிக்கிறவருக்கே சரியாகக் கேட்காது. அதனால் அவள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் படுக்கையறை ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, கிட்டாரை மடியில் வைத்து, அதன் மேல்விளிம்பில் கன்னத்தைப் பதித்துக்கொள்வாள். கம்பியின் அதிர்வு கட்டை வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக் காதுக்குப் போகுமாம். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டோரம் ஒரு சிரிப்போடு, அரை மணி, முக்கால் மணி அப்படியே கிடப்பாள்.

மெக்கானிக் ஹாலில் டிவியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தன் தோளில் அவள் அப்படிச் சாய்ந்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தான். பஸ்ஸில் தூங்கிப்போய்ச் சாய்ந்ததையெல்லாம் சாய்ந்ததாகச் சேர்க்க முடியாது.

இதில் அவனுக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. அந்த வீட்டில் பாட்டு, வாத்தியம் என்றால் அது அவனுடைய இலாகா. கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு சேர்ந்து கிட்டார் வாசித்தவன். அவளோடு பழகிய புதிதில் அவன் வாசிப்பான், அவள் மோவாயில் கையூன்றிக் கேட்பாள். பிற்பாடு வீடு மாறும்போது கிட்டாரின் கழுத்து முறிந்தது. வேலையும் குடும்பமும் சேர்ந்துகொள்ள, அப்படியே விட்டுவிட்டான். கிட்டார் போனாலும் கிட்டார்க்காரன் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் சொன்னாள்:

"வீட்டுல வாசிக்கிறதுக்குச் சின்னதா ஒரு ஆம்ப் வாங்கலாம்னு இருக்கேன். எக்ஸ்ரே அண்ணா கூட வந்து பாத்து எடுத்துத் தரேன்னாரு. சனிக்கிழமை போறோம்."

"போறோம்னா?"

"நானும் அவரும்."

"நானும் வரேன்."

"உங்களுக்குச் சனிக்கிழமை சர்வீஸ் இருக்குமே?"

"லிப்டு எங்க ஓடிப்போகுது. மேலயும் கீழயும்தான."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் அதோடு எல்லாம் சரியாகிவிடுமா என்று அவன் மனசு கணக்குப் போட்டது. அந்த எக்ஸ்ரேக்காரரை அவன் ஒரே ஒரு தடவை, ஒத்திகை நடந்த இடத்தில் பார்த்திருக்கிறான். நடுவயது, பாதி வழுக்கை, சட்டைப் பித்தானைத் தள்ளிக்கொண்டு நிற்கும் வயிறு. பார்த்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் மனுஷர் கையைக் குலுக்கிவிட்டு வெகு அன்பாக ஒன்று சொன்னார்: "பேஸும் டிரம்ஸும் புருஷன் பொண்டாட்டி மாதிரி சார். இது ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா மத்தவன் என்ன தப்பு பண்ணாலும் பாட்டு நிக்கும்." அந்த வாக்கியம் அவன் நெஞ்சில் மீன்முள்ளாகச் சிக்கி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றுவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவன் லிப்ட் மோட்டார் அறைகளில் உட்கார்ந்து போனில் ஆம்ப்ளிஃபயர் பற்றிப் படித்தான். சனிக்கிழமை மூவரும் கடைக்குள் நுழைந்தபோது, அவன் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

வாத்தியக் கடையை நடத்துகிறவள் தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மாள். "என்ன பாக்குறீங்க?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டு, வெள்ளிப் பட்டை போட்டுப் பளபளவென்றிருந்த ஒரு பெட்டியைக் காட்டினான்.

"இது எடுங்க. இது நல்ல கம்பெனி."

"நல்லதுதான் சார். ஆனா இது சாதா கிட்டாருக்கு உள்ளது."

"எல்லாம் ஸ்பீக்கர்தானம்மா. போட்டுக் காட்டுங்க."

கடைக்காரம்மா பேஸ் கிட்டாரின் ஒயரைச் செருகிக் கொடுத்தாள். மனைவி எல்லாவற்றிலும் தடியான கம்பியைத் தட்டினாள். பெட்டி வறட்டு இருமல் வந்த கிழவனைப் போல் 'கர்ர்ர்' என்று குரைத்து நடுங்கியது. மெக்கானிக் சட்டென்று வால்யூமைக் குறைத்தான்.

"பேஸோட கீழ்ச் சத்தத்த இந்த ஸ்பீக்கர் தாங்காது சார்" என்றார் எக்ஸ்ரேக்காரர், குத்தலே இல்லாத குரலில். "கிழிஞ்சிரும். பேஸுக்குன்னு செஞ்சதுல பெட்டியே கனமா, இறுக்கமா இருக்கும். நானும் முதல்ல இதே தப்பு பண்ணியிருக்கேன்."

கடைசி வாக்கியம் ஆறுதலுக்குச் சொன்னதுதான். அதுதான் மெக்கானிக்குக் கூடுதலாக எரிந்தது.

பிறகு அவர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று பத்து அங்குல ஸ்பீக்கர் போட்டது, தூக்கவே இரண்டு கை வேண்டும். மற்றது சிறியது, எட்டு அங்குலம், கைப்பிடியைப் பிடித்து ஒரே கையால் தூக்கிப்போகலாம். "பயிற்சிக்கு இது போதும்மா. முக்கியமா ஹெட்போன் போடலாம். யாருக்கும் தொந்தரவு இல்ல."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தாள். கடைக்குள் விரல் கம்பியில் படுகிற 'தட் தட்' மட்டும் கேட்டது. ஆனால் அவள் முகத்தில் ஒரு விளக்கைப் போட்டதுபோல் இருந்தது. எக்ஸ்ரேக்காரர் மேஜை விளிம்பில் இரண்டு விரலால் தாளம் தட்ட ஆரம்பித்தார். அவள் அதைக் கண்ணால் பார்த்தே பிடித்துக்கொண்டாள். பாட்டு திரும்புகிற ஓரிடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்து, ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள். மெக்கானிக்குக் காதில் ஒன்றும் விழவில்லை, கண்ணில் மட்டும் எல்லாம் விழுந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "ஐயோ, எவ்வளவு நல்லா இருக்கு. அண்ணா, இதக் கேளுங்களேன்" என்று, தன் காதின் சூடு ஆறாத ஹெட்போனை எக்ஸ்ரேக்காரரிடம் நீட்டினாள்.

புருஷன் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னைக்கு வேணாம். யோசிச்சு வாங்கலாம்" என்றான் அவன். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "நாலு கடை பாக்காம எதுவும் வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தான். அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் அவன் தனியாகப் போனான். அந்தக் கடைக்கு இல்லை. வேலை செய்யும் கட்டடம் ஒன்றின் பின்தெருவில், பழைய ஸ்பீக்கர், டேப்ரெக்கார்டர் எல்லாம் சரிசெய்து விற்கிற ரிப்பேர்க்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் பேஸுக்கான பழைய ஆம்ப் மூன்று இருந்தன. முதல் இரண்டையும் திருப்பிப் பார்த்தான். ஹெட்போன் ஓட்டை இருந்தது. ஓரமாக வைத்தான். மூன்றாவது கறுப்புப் பெட்டி, மூலையெல்லாம் தேய்ந்தது. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று டார்ச் அடித்து இரண்டு முறை தேடினான். இல்லை.

"இதுல ஹெட்போன் போட முடியாதா?"

"இது பழசு சார். அதெல்லாம் கிடையாது. வேணும்னா அந்த ரெண்டுல—"

"இதே இருக்கட்டும்."

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏமாற்று வேலையிலும் அவன் தொழில்காரனாகத்தான் இருந்தான். பெட்டியில் காதை வைத்து, சும்மா இருக்கும்போது இரைகிற ஹம் இருக்கிறதா என்று கேட்டான். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போயிற்றா இல்லையா என்று சொல்கிற காது அது. திருகும் இடத்தில் கரகரத்த பட்டன்களைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொன்னான். தளர்ந்திருந்த திருகாணிகளைத் தானே முறுக்கினான். நல்ல பெட்டி. அவள் காதை மூடிக்கொண்டு தனக்கு எட்டாத இடத்துக்குப் போவதற்கு மட்டும் அதில் வழியில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தபோது அவள் பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களே போய் வாங்கினீங்களா? எனக்காகவா?"

"பின்ன யாருக்கு, கீழ்வீட்டு டீச்சருக்கா?"

அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து பெட்டியைத் தடவினாள், சுற்றிப் பார்த்தாள். விரல் பின்பக்கம் போய்த் துழாவியது. "ஹெட்போன் போட எடத்தக் காணோமே?"

அவன் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான்: "ஹெட்போன் எதுக்கு? நீ வாசிக்கிறத நான் கேக்க வேணாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பொய்க்கு இவ்வளவு நல்ல கூலி கிடைக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் எழுந்து வந்து அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். எத்தனையோ நாளாக அவன் எதிர்பார்த்துக் கிடந்த அந்தச் சாய்வு வந்த நேரத்தில், அதை அனுபவிக்க முடியாமல் அவன் விறைத்துப்போய் நின்றான்.

இரண்டு சாயங்காலம் அவள் வாசித்ததைக் கேட்டான். அதுவரை அவள் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தான். இப்போது கேட்டபோது டிவி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான். அவசரமில்லாமல், ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே விடவேண்டிய இடத்தைச் சரியாக விட்டு வாசித்தாள். தப்பு வந்தால் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பத்துத் தடவை வந்தால் பத்துத் தடவையும். அவனுடைய பழைய வாசிப்பு அவனுக்கு ஞாபகம் வந்தது. தப்பு வந்தால் சத்தத்தைக் கூட்டி, தலையை ஆட்டி, சமாளித்து ஓட்டிய வாசிப்பு. நாலு மாதத்தில் இவள் தொட்ட இடத்தை அவன் ஆறு வருஷத்தில் தொடவில்லை. எக்ஸ்ரேக்காரர் மேல் இருந்த எரிச்சல் அந்த நேரத்தில் சின்னதாகிப் போனது. அதைவிடப் பெரிய ஒன்று உள்ளே புகைய ஆரம்பித்தது. அதற்குப் பெயர் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் கீழ்வீட்டு டீச்சர் படியேறி வந்தார். ஓய்வு பெற்றவர், சண்டை போடுகிறவர் இல்லை. அதனாலேயே மறுத்துப் பேச முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதம்மா. பாட்டா இருந்தாப் பொறுத்துக்கலாம். பாட்டே கேக்கல. கூரைக்குள்ள யாரோ முனகுற மாதிரி இருக்கு. அலமாரியில கண்ணாடி டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசுது. எனக்கு ஏற்கெனவே தலைசுத்தல்."

மெக்கானிக் மறுநாள் லிப்ட் மோட்டாருக்கு அடியில் வைக்கிற தடித்த ரப்பர் துண்டு நான்கைக் கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் வைத்தான். டம்ளர்கள் அமைதியாயின. முனகல் போகவில்லை. கீழ்ச் சத்தம் தரை, சுவர் என்று பார்ப்பதில்லை. அவள் வால்யூமைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். கடைசியில் ஒரு நாள் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டாள்.

"பரவாயில்ல" என்றாள். "ஆஸ்பத்திரியில அடித்தளத்துல பழைய சாமான் வைக்கிற ரூம் இருக்கு. டிரம்ஸ், பாடறதுக்கு வெக்கிற பெரிய ஸ்பீக்கர் எல்லாம் அங்கதான் கெடக்குது. வேலை முடிஞ்சதும் அண்ணாவோட ஒரு மணி நேரம் வாசிச்சுட்டு வந்துடறேன். விழா முடியற வரைக்கும்தான்."

அவன் தலையாட்டினான். வேறென்ன செய்வான்? எதைத் தடுக்க அந்தப் பெட்டியைத் தேடிப்பிடித்தானோ, அதற்கே அவளைக் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

ஒரு வாரம் தாங்கினான். அவள் ஒரு மணி நேரம் தாமதமாக வருவாள். முகம் தெளிந்திருக்கும். சாப்பிடும்போதுகூட விரல்கள் மேஜையில் ஏதோ ஒன்றை எண்ணிக்கொண்டிருக்கும். அவனுக்கு அந்த நேரத்தில் சாப்பாடு இறங்காது. எட்டாம் நாள், ஆஸ்பத்திரி லிப்டைப் பார்க்கிற சக ஊழியனிடம், "இந்த மாச சர்வீஸ் நான் பண்றேன், அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் நாலரை மணிக்கு, இரண்டு லிப்டில் ஒன்றை நிறுத்தி, பலகை மாட்டி, அடித்தளத்துக்கும் கீழே இருக்கிற குழிக்குள் இறங்கினான். லிப்ட் ஓடும் தூணின் அடி அது. எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, மேலேயிருந்து விழுந்த பேனா மூடி, ஒரு குழந்தையின் செருப்பு. விளக்கைப் போட்டுத் துடைக்க ஆரம்பித்தான். கை பாட்டுக்கு வேலை செய்தது. காது மட்டும் சுவரில் இருந்தது. சுவரின் மேல்பக்கம் காற்றுக்காக ஒரு கம்பி வலை. அதற்கு அந்தப் பக்கம்தான் அந்த ரூம்.

சரியாக ஐந்தேகாலுக்கு டிரம்ஸ் தொடங்கியது. பிறகு பேஸ். ஒரு பாட்டை மூன்று தடவை வாசித்தார்கள். அவன் துடைப்பதை நிறுத்திவிட்டு நின்றான். சிரிப்பு, கிசுகிசுப்பு, ஏதாவது ஒன்று வரும், வந்தால் குழியிலிருந்து பாய்ந்து ஏறிப் போய்க் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தான். வந்ததெல்லாம் "மூணாவது வரியில அவசரப்படறம்மா", "சரிண்ணா, இன்னொரு வாட்டி" என்பதுதான்.

பிறகு எக்ஸ்ரேக்காரரின் குரல் கேட்டது.

"வீட்டுலயே வாசிக்கிற மாதிரி ஒண்ணு வாங்கியிருக்கலாம்மா. உனக்கும் இப்படி அலைச்சல் இருக்காது."

"அவரு ஆசையா வாங்கிட்டு வந்தாருண்ணா. அத மாத்தணும்னு சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடும்."

"இல்ல, ஹெட்போன் ஓட்டை இல்லாத ஆம்பை எங்க தேடிப் புடிச்சாருன்னுதான் ஆச்சரியமா இருக்கு. இப்ப வர்றது எல்லாத்துலயும் இருக்குமே."

"பாவம், அவருக்கு இதெல்லாம் தெரியாதுண்ணா. எனக்குப் புடிக்கணும்னு எதையோ பாத்து வாங்கிட்டாரு."

குழிக்குள் நின்றவனுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். சந்தேகப்பட்டிருந்தால் எதிர்த்து நின்றிருப்பான். பாவம் என்றுவிட்டாள். தெரியாதவன் என்றுவிட்டாள். தெரிந்தே செய்த ஒரு காரியத்துக்கு, தெரியாத அப்பாவி என்ற பட்டத்தை அவன் மனைவி இன்னொரு ஆள் முன்னால் அவனுக்காக வாதாடி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். முட்டாளாகவே இருந்துவிடலாமா, அயோக்கியன் என்று ஒத்துக்கொள்ளலாமா? இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும் என்று அவனுக்குப் புரிந்தது.

லிப்டை ஓடவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்த ரூம் கதவைத் தட்டினான்.

"வாங்க சார், வாங்க" என்று எக்ஸ்ரேக்காரர் எழுந்து தன் ஸ்டூலையே இழுத்துப் போட்டார். "சர்வீஸுக்கா வந்தீங்க? உக்காந்து ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்க." அவள் முகத்தில் திடுக்கிடல் இல்லை, மறைப்பு இல்லை. புருஷனை எதிர்பாராத இடத்தில் பார்த்த சந்தோஷம் மட்டும் இருந்தது. அவன் உட்கார்ந்து கேட்டான். நன்றாகத்தான் இருந்தது. எரியவும் செய்தது.

ஸ்கூட்டரில் திரும்பும்போது அவள் பின்னால், அவள் முதுகில் கிட்டார். முகம் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று சிக்னலில் நின்றபோது ஆரம்பித்தான்.

"அந்தப் பெட்டி... நான் தெரியாம வாங்கல."

"என்ன? ஹெல்மெட்ல ஒண்ணும் கேக்கல."

"தெரிஞ்சுதான் வாங்கினேன்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"ஹெட்போன் ஓட்டை இல்லாததாப் பாத்து, வேணும்னேதான் வாங்கினேன்!"

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பச்சை விழுந்தது. சிறிது தூரம் போனதும் அவள் அவன் தோளைத் தட்டினாள். "ஓரங்கட்டுங்க."

ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, எதிரே வந்து நின்றாள்.

"எதுக்கு?"

"கடையில நீ ஹெட்போனக் கழட்டி அவருகிட்ட குடுத்த. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அதுக்கா? அவரு மேல பொறாமையா?"

"முதல்ல அவரு மேல."

"அப்புறம்?"

அவன் டயர் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்புறம் உன் மேல. நீ வாசிக்கிறத சரியாக் கேட்டதுக்கு அப்புறம்."

அவள் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பேசியபோது குரல் உயரவில்லை.

"அவரு மேலன்னு சொன்னீங்களே, அது எனக்கு அவமானம். என்னைப் பத்தி என்ன நெனச்சிருக்கீங்க? அதுக்கு நாலு நாள் நான் உங்ககூடப் பேசப்போறதில்ல. ஆனா என் மேலன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒண்ணு சொல்லிடறேன். நீங்க வாசிச்சு நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தப்ப எனக்கு மட்டும் எரியலன்னு நெனச்சீங்களா? எனக்கும் தொட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'இந்தா நீ வாசிச்சுப் பாரு'ன்னு கையில குடுத்தீங்களா?"

அவன் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்று தோன்றியதுகூட இல்லை.

நாலு நாள் என்றால் நாலு நாள். அவள் எண்ணிக்கையில் பிசகுகிறவள் இல்லை. வீட்டில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது. ஐந்தாம் நாள் காலையில் சொன்னாள்: "நான் இன்னைக்குக் கடைக்குப் போறேன். நீங்களும் வேணாம், அண்ணாவும் வேணாம்."

தன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். மத்தியானம்தான் வந்தாள். கையில் சாம்பல் நிறத்தில், அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத ஒரு பெட்டி. எக்ஸ்ரேக்காரர் காட்டிய இரண்டில் எதுவும் இல்லை அது.

"அவரு சொன்னத எடுக்கலயா?"

"எல்லாரும் கடையில சத்தமா வெச்சுத்தான் பாக்குறாங்க. சத்தமா வெச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கு. நான் வீட்டுல மெதுவாத்தான வாசிக்கப்போறேன்? அதனால ரொம்ப மெதுவா வெச்சு, ஆறு பெட்டிய ஒண்ணு ஒண்ணாப் பாத்தேன். மெதுவா வெச்சாலும் தடிக் கம்பி தெளிவாக் கேட்டது இது ஒண்ணுலதான். கடைக்காரம்மாவே, இது விக்காமக் கெடந்துச்சுன்னு சொன்னாங்க. ஹெட்போனும் போடலாம்."

போனில் ஒரு வாரம் படித்தும் இது அவன் புத்திக்கு எட்டவில்லை. மறுபடியும் சுருக்கென்றது. ஆனால் இந்தத் தடவை அதை மென்று விழுங்காமல், "இது எனக்குத் தோணவே இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னான். சொன்ன பிறகு கொஞ்சம் இலகுவாக இருந்தது.

கறுப்புப் பெட்டியை ஆஸ்பத்திரி ரூமுக்கே கொடுத்துவிட்டார்கள். அவன்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தான். எக்ஸ்ரேக்காரர் செருகி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சார், பழசா இருந்தாலும் ஹம்மே இல்ல சார். நல்லாப் பாத்து வாங்கியிருக்கீங்க" என்று மனசாரப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு அங்கே நின்ற இரண்டு நிமிஷம்தான் அவனுக்குக் கிடைத்த தண்டனைகளிலேயே பெரியது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அவள் எதையும் அவரிடம் சொல்லவில்லை.

விழாவில் அவன் நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது பாட்டில் பாடுகிற நர்ஸ் ஒரு வரியை மறந்துவிட்டாள். கீபோர்டுக்காரர் தடுமாறினார். அவன் மனைவி தலையைக்கூடத் தூக்காமல் அதே நடையில் வாசித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொருவராக அந்த நடைக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்த இடத்தில் அவளும் எக்ஸ்ரேக்காரரும் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். மெக்கானிக்குக் காதுமடல் சூடானது. அப்படியும் பாட்டு முடிந்ததும் முதலில் கைதட்டியது அவன்தான்.

அடுத்த வாரம் அவள் ஒரு செய்தியோடு வந்தாள். வேறொரு ஆஸ்பத்திரியில் அவர்கள் குழுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"போகட்டுமா?"

"வேணாம்னா போகமாட்டியா?"

"போவேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்குற?"

"உங்களுக்கு இன்னும் எரியுதான்னு தெரிஞ்சுக்கத்தான்."

அவன் யோசித்தான். பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். "எரியுது" என்றான்.

"யாரு மேல?"

"அவரு மேல கொஞ்சம். உன் மேலதான் ஜாஸ்தி."

அவள், "தள்ளி உக்காருங்க" என்று சோபாவில் இடம் பிடித்து உட்கார்ந்து, பாட்டுப் பட்டியல் எழுதிய தாளை அவன் கையில் கொடுத்தாள். "ஏழு பாட்டு இருக்கு. எத முதல்ல வைக்கிறதுன்னு அங்க ஒரே சண்டை. நீங்க சொல்லுங்க."

அவன் தாளை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்துவிட்டு மூன்றாவது பாட்டில் விரலை வைத்தான். அதை முதலில் வைத்தால் விளங்கவே விளங்காது என்றாள் அவள். ஏன் விளங்காது என்று அவன் கேட்க, அவள் சொல்ல, அவன் மறுக்க, சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் அந்த வாக்குவாதம் ஓயவில்லை.